கடலுக்குள் வெட்டிய கவ்வாத்து

1978ஆம் ஆண்டு மாசி மாதம் பதினான்காம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, கடலுக்குள் நின்ற இரும்புக் குழாய்களுக்குக் கவ்வாத்து வெட்டுவதென்று முடிவான கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் குழாய்களுக்கும் சொந்தக்காரியான அமராவதிச் சம்மாட்டியார் தன் கடற்கரை மீன்வாடியின் ஒரே கதிரையில், கடலுக்கு முதுகு காட்டி இருந்தார். அவருக்கு வலப்பக்கம், கவிழ்த்து வைத்த தகரத்தின் மேல், எண்ணெய் வாங்க முல்லைத்தீவிலிருந்து லொறியில் வரும் ஆதம்பாவா. இடப்பக்கம், நங்கூரக் கயிற்றுச் சுருளில், சுழியோடி பொன்னையா. வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், ஐந்து மாதத்துக்கு முன் மலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்த வீரையா. இரு என்று யாரும் சொல்லாததால் குந்தியிருந்தான். அவனுக்குப் பின்னால் மணலில் அவன் மனைவி மீனம்மா, அவள் மடியில் நான்கு வயது மகள் சிவலட்சுமி. பிள்ளையையும் சேர்த்துத்தான் ஆறு. தேயிலைச் செடிக்குக் கிளை வெட்டிச் செய்வதை இரும்புக்குச் செய்யலாமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எத்தனை குழாய்க்கு என்பதில்தான் கதை இழுபட்டது.

நாயாற்றுக்குத் தெற்கே, கரையிலிருந்து ஒரு மைல் கட்டைத் தூரத்தில், அந்த ஏழு குழாய்களையும் நட்டது ஒரு வெள்ளைக்காரக் கம்பனி. அதன் பெயர் குழாயடிக் குடியிருப்பில் எவருக்கும் ஞாபகமில்லை. தேடியது கிடைத்ததா இல்லையா என்று சொல்லாமலே அவர்கள் ஒரு சோளகக் காற்றோடு கப்பல் ஏறிவிட்டார்கள், குழாய்கள் நின்றன. அவற்றிலிருந்து தானாக வழிந்த எண்ணெயை அப்படியே விளக்கில் ஊற்றலாம், கண்டாவளை வயல்களில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் ஊற்றலாம், வள்ளத்தின் அடியில் பூசினால் பாசி பிடிக்காது. முப்பது வருடம் வாரத்துக்கு நாற்பது தகரம் வந்தது. பிறகு வயது போகத் தொடங்கியது. அமராவதியின் புருஷன் காலத்தில், குழாயின் தொண்டையில் மெழுகு கட்டுகிறது என்று கண்டுபிடித்து, பனைமட்டைக் கருக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிச் சுரண்டினார்கள். நாலு வருடம் ஓடியது. பிறகு ஒரு குழாயில் கடல் தண்ணீரை ஊற்றினால் பக்கத்துக் குழாயில் எண்ணெய் தள்ளுப்பட்டு வரும் என்று கண்டு, பெண்கள் வள்ளங்களில் வரிசையாக நின்று வாளி வாளியாக ஊற்றினார்கள். இரண்டு வருடம் ஓடி, மூன்றாம் வருடம் எல்லாக் குழாயிலும் உப்புத் தண்ணீரே வந்தது. ஐந்தாம் குழாயைச் சுரண்டப் போன அன்று அமராவதியின் புருஷனுடைய கயிறு திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர் நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, மிதவையும் பம்பும் இறக்கினால் மூன்று லட்சத்தில் சரிக்கட்டலாம் என்றார். "மூண்டு லட்சம் கையில இருந்தா நான் ஏன் தம்பி கடலுக்குள்ள எண்ணெய் தேடுறன்?" என்று கேட்டு அமராவதி அவரை பஸ் ஏற்றி அனுப்பினார். 1977 முடிவில் ஏழு குழாயும் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு தகரம் தந்தன.

அந்த வருடம் ஆவணியில் நடந்த கலவரத்தில் மலைநாட்டில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் எரிந்தன. வீரையாவின் குடும்பம் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மூன்று கிழமை இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று எழுப்பினார்கள். ஒரு கச்சான் கடலைத் தோட்டத்தில் இரண்டு கிழமை இருந்தது. கச்சான் கிண்டி முடிந்தது என்று எழுப்பினார்கள். அமராவதி ஒரு மணல் துண்டைக் காட்டி, சொல்லும் வரைக்கும் இருங்கோ என்றார். அந்தச் 'சொல்லும் வரைக்கும்' என்ற வார்த்தையை மீனம்மா படுக்கும்போதும் எழும்பும்போதும் நினைத்துக்கொள்வாள். வீரையா வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கப் போனான். ஒரு நாள் குழாய்களைப் பார்த்துவிட்டு வந்து வாடி வாசலில் குந்தினான். இருபது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன்.

"இது நோவு இல்லீங்கம்மா. கெழடு தட்டிருச்சு, அவ்ளோதான். அறுவது வருசத் தேயிலையும் இப்புடித்தான் மொறச்சிக்கிட்டு நிக்கும். முட்டி ஒசரத்துக்கு வெட்டி, கொஞ்ச நாளு ஓய வுட்டா, கொழுந்து அடிச்சுக்கிட்டு வரும்ங்க."

அதன் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். வீரையா ஒரு நிபந்தனை வைத்தான். ஏழையும் வெட்டக் கூடாது, ஒன்றை விட வேண்டும். தோட்டத்திலே செடியை வெட்டும்போது ஒரு கிளையை மட்டும் விடுவோம், மூச்சு வாது என்று அதற்குப் பெயர், எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் செடி எதால் மூச்சு விடும் என்று கேட்டான்.

"இரும்புக்கு என்னப்பா மூச்சு?" என்றார் ஆதம்பாவா. பிறகு அமராவதியிடம், "தங்கச்சி, நான் கண்டாவளையில வாக்குக் குடுத்திட்டு வந்து நிக்கிறன். ஆறு குழாய் எண்ணெய் எனக்குக் காணாது."

"மூச்சுத்தானே? என்னட்டை மிச்சம் கிடக்கு, குடுக்கிறன்," என்றான் பொன்னையா. ஒரு சுருட்டு எரிந்து முடியும் வரை தண்ணீருக்கடியில் இருக்கக்கூடியவன் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அமராவதி சிரிக்கவில்லை. "ஏழும் வெட்டு, வீரையா. குழாய் திரும்ப ஓடினா நீ இருக்கிற அந்தக் கால் ஏக்கரை முத்திரைக் கடதாசியில எழுதித் தாறன். அரைகுறை வேலைக்கு நான் காணி எழுதுறேல்லை."

வீரையா திரும்பி மனைவியைப் பார்த்தான். மீனம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தலை அதே பக்கம்தான் ஆடியது.

வேலை ஒன்பது நாள் எடுத்தது. செலவு, இரும்பு அரியும் வாளுக்கு நான்கு அலகும் அரைச் சாக்குச் சுண்ணாம்பும். வீரையாவுக்கு நீந்தத் தெரியாது. வெட்டின் சரிவை, தண்ணீர் தங்காத கோணத்தை, பொன்னையாவின் உள்ளங்கையில் கரியால் கீறிக் காட்டுவான், பொன்னையா இறங்கி அரிவான். வெட்டுவாய்களில் சுண்ணாம்பும் சாணியும் குழைத்துப் பூசினார்கள். ஏழாவது குழாய் அறுந்தபோது கடல் ஒருமுறை உள்ளே இழுத்தது. அலை கரைக்கு வராமல் ஒரு சாண் பின்வாங்கி நின்றது, வள்ளங்கள் எல்லாம் தாமாக அந்தப் பக்கம் முகம் திருப்பின. பிறகு வழக்கம் போல அலை வந்தது. வீரையா இரவுச் சோற்றைத் தொடவில்லை.

ஐப்பசி வரை ஒரு சொட்டும் வரவில்லை. ஓய வேண்டும், ஓய வேண்டும் என்று வீரையா சொல்லிக்கொண்டிருந்தான். ஆதம்பாவாவின் லொறி வெறுமையாகத் திரும்பியது. சாமானைக் கட்டச் சொல்லி அமராவதி ஆள் அனுப்பிய அன்று காலை, பொன்னையா கடலடியிலிருந்து ஒரு துளிரோடு மேலே வந்தான். விரல் நீளம், செம்பழுப்பு நிறம், கிள்ளினால் நகம் பதியும் இரும்பு. இரண்டு இலையும் நடுவே ஒரு மொட்டும். தை மாதத்துக்குள் வெட்டிய ஒவ்வொரு குழாயின் அடியிலும் பத்துப் பன்னிரண்டு கொப்புகள் விட்டன, ஒவ்வொரு நுனியிலும் எண்ணெய் துளித்தது. வாரத்துக்கு அறுபது தகரம். அமராவதி சொன்ன சொல் தவறாமல் முல்லைத்தீவு நொத்தாரிசிடம் போய்க் காணியை எழுதினார். மீனம்மா அந்தக் கடதாசியை ட்ரங்குப் பெட்டியின் அடியில், தங்கள் பழைய தோட்டத்து வேலைத் துண்டுச் சீட்டுக்கு மேல் வைத்துப் பூட்டினாள். ஐந்தாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மலையில் இருந்த அக்கா ராக்காயிக்கு அன்றே எழுதினாள், நமக்கு இனிச் சொந்த மண் என்று.

1979 பங்குனியில், மீனம்மா குசினியில் ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்பை ஊதும்போது சாம்பல் மேலே பறக்காமல் தரையைப் பார்த்துப் போனது. அடுப்புக்குப் பக்கத்தில், சாணி மெழுகிய நிலத்தைக் கீறிக்கொண்டு, பெருவிரல் தடிப்பில் ஓர் இரும்புக் குருத்து நின்றது. அதன் நுனி திறந்திருந்தது. அது காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு முறை ஊதப் பார்த்தாள். நெஞ்சில் ஊதுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்குள் குழாயடியின் முப்பத்தொரு வீட்டுக்குள்ளும் குருத்து வந்துவிட்டது, அமராவதி வீட்டு மண்டபம் உட்பட. விடிந்ததிலிருந்து அவை இழுத்தன. காற்றை அல்ல, அந்த வீட்டில் இருந்தவர்களின் மூச்சை. மதியத்துக்குப் பிறகு நுனி சாய்ந்து, வைத்த போத்தலில் எண்ணெய் விட்டது. வள்ளமும் வேண்டாம், சுழியோடியும் வேண்டாம், எண்ணெய் குசினிக்கே வந்தது. ஆதம்பாவாவின் லொறி ஊருக்குள் வாசல் வாசலாக நின்று ஏற்றியது. அவர் மட்டும் இறங்குவதில்லை.

சாக்கால் மூடிப் பார்த்தார்கள். சாக்குக்குப் பக்கத்தில் பாயைக் கிழித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. வெட்டிப் பார்த்தார்கள், வெட்டினால் இரண்டாகும் என்று சொல்லத்தான் வீரையா ஓடி வந்தான், மூச்சு இல்லாததால் வெட்டிய பிறகே சொல்லி முடித்தான். சேவல்கள் பாதியில் நிறுத்தின. கோயில் சங்கைப் பிற்பகலில் ஊதுவதென்று முறை மாறியது. காலையில் சண்டை பிடிக்கும் வழக்கம் ஊரில் அடியோடு ஒழிந்தது. சிவலட்சுமிக்கு அப்போது ஐந்து வயது; பிற்பகலிலும் அவளுக்கு மூச்சு முழுதாகத் திரும்பாது. திங்கட்கிழமை தொடங்கிய வசனத்தைச் செவ்வாய்க்கிழமைதான் முடிப்பாள். ஒரு திங்கட்கிழமை, "அம்மா, எனக்கு" என்றாள். என்ன வேண்டும் என்று தெரிய மீனம்மா மறுநாள் வரை அவள் பக்கத்திலேயே இருந்தாள். "பயமா இருக்கு" என்று செவ்வாய்க்கிழமை வந்தது.

இந்த இழுப்புக்கு ஒரு முறை இருந்ததை ஊர் அடுத்த வருடம்தான் கண்டுபிடித்தது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் குழாயடி முழுவதும் மாட்டு வண்டிலிலும் ட்ரக்டரிலும் கிளம்பியது. ஊரின் எல்லை தாண்டியதும் எல்லோருக்கும் நெஞ்சு திறந்தது. வண்டிலில் பாட்டுப் பாடினார்கள், காரணமில்லாமல் கூவினார்கள், சிவலட்சுமி வற்றாப்பளை வரைக்கும் வாய் மூடவில்லை. வலை காக்க ஊரில் நின்றவன் பொன்னையா ஒருவன்தான். திரும்பி வந்தபோது அவன் தன் வாசலில் கயிற்றுச் சுருளின் மேல் நிமிர்ந்து இருந்தான். கையில் சுருட்டு, பற்ற வைத்து முடிக்காதது. வீடுகளில் ஆள் இல்லாததால் முப்பத்தொரு வீட்டுக் குருத்தும் அன்று அவன் ஒருவனிடமே மூச்சை வாங்கியிருந்தன. அன்றைய போத்தல்கள் எல்லாம் நிறைந்து வழிந்து கிடந்தன. வைத்தியர் மாரடைப்பு என்று எழுதினார்.

அதன் பின்பு குழாயடியில் ஒரு சட்டம் வந்தது. எல்லோரும் ஒன்றாகவோ, எவரும் ஒரேயடியாகவோ வெளியே போக முடியாது. முறை வைத்துத்தான் போகலாம். ஆட்கள் கூடினால் ஆளுக்கு இழுப்புக் குறையும் என்பதால், அமராவதி வருகிறவர்களுக்கெல்லாம் காணி கொடுக்கத் தொடங்கினார். இப்படிப்பட்ட நல்ல மனம் வன்னியில் எங்கும் இல்லை என்று வவுனியா பஸ் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள்.

வீரையா அமராவதியிடம் போய் நின்றான். ஏழாவது குழாயின் அடியில் ஒரே ஒரு கொப்பைக் கிள்ளாமல், எண்ணெய் எடுக்காமல் விட்டால், அது மூச்சு வாதாக வளரும், மூன்று வருடம் பொறுக்க வேண்டும் என்றான். பொன்னையா செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கிழமை அது. அமராவதி ஓம் என்றார். 1981இல் அந்தக் கொப்பு கடல்மட்டத்துக்கு மேலே வந்தது. 1983இல் பனை உயரம் நின்றது, நுனியில் நாலு கவடு. காற்று அதற்குள் போய் வரும் ஓசை கரைக்குக் கேட்கும். வீடுகளில் குருத்துகள் வாயைச் சுருக்கிக்கொண்டன. காலைச் சண்டைகள் திரும்பி வந்தன. சிவலட்சுமி ஒரே மூச்சில் பதினாறாம் வாய்ப்பாடு சொன்ன அன்று மீனம்மா வெளியே போய், யாரும் பார்க்காத இடத்தில், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கடலடியிலோ கொழுந்து மூன்று மடங்காகப் பெருகியிருந்தது. அதைப் பார்த்துச் சொல்லப் பொன்னையா இருக்கவில்லை.

1984 ஆடியில், பெயர் எழுதாத சாம்பல் நிறக் கடற்படைப் படகு ஒன்று காலை ஒன்பது மணிக்கு வந்தது. கடலுக்குள் பனை உயரத்தில் நாலு கவட்டோடு நிற்கும் இரும்பு என்னவாக இருக்கும் என்று அதில் இருந்தவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். சங்கிலியைக் கட்டி இழுத்து முறித்தார்கள். வேண்டாம் என்று கரையிலிருந்து கூவத் தொடங்கியபோது ஊருக்கு மூச்சு இருந்தது. கூவி முடிக்கும்போது இல்லை.

அதற்குப் பிறகு கடலுக்குப் போகத் தடை வந்தது, இன்னொரு மூச்சு வாதை வளர்க்க வழியில்லாமல் போனது. மும்மடங்குக் கொழுந்துக்கும் மூச்சு வீடுகளிலிருந்தே போயிற்று. முன்பு நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து இரண்டு மணிநேரத்துக்கான மூச்சுப் போனது, இப்போது ஆறு மணிநேரத்துக்கானது. மீனம்மா வீட்டில் மூன்று பேர். பிள்ளையின் பங்கையும் தான் கொடுக்கவென்று வீரையா காலை முழுவதும் குருத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தான். கார்த்திகையில் அவன் உதடு நீலமாகி, நகமும் நீலமானது. எப்படியிருந்தும் குருத்து நாளில் ஒரு தடவை பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொள்ளும். சிவலட்சுமிக்குப் பத்து வயது. வசனங்கள் மறுபடி இரண்டு நாளாயின, பிறகு மூன்று நாளாயின.

அந்தக் கார்த்திகையில்தான் ராக்காயியின் கடிதம் வந்தது. போன வருடக் கலவரத்தில் அவளுடைய லயமும் போயிருந்தது; புருஷனும் நான்கு பிள்ளைகளுமாக ஆறு பேர், ஒரு வருடத்துக்கு மேலாகத் தோட்டத்துப் பழைய தொழுவத்தில். இப்போது அங்கிருந்தும் எழுப்புகிறார்கள். 'தங்கச்சி, ஒங்க ஊருல வர்றவங்களுக்கெல்லாம் எடம் குடுக்குறாங்களாமே. ஒரு பாயி விரிக்கிற எடம் போதும். வரட்டுமா, வேணாமா, ஒரு வரி எழுது' என்றிருந்தது.

மீனம்மா கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை. சிவலட்சுமி தானே எடுத்து வாசித்தாள். பிறகு சிலேட்டை எடுத்து ஒரு பக்கத்தில் ஆறை மூன்றால் பிரித்தாள், இரண்டு மணிநேரம் என்று எழுதினாள். மறுபக்கத்தில் ஆறை ஒன்பதால் பிரித்தாள், நாற்பது நிமிடம் என்று எழுதினாள். சிலேட்டைத் தாயின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மூன்று நாள் மீனம்மா எழுதவில்லை. நான்காம் நாள் பிற்பகல் அமராவதியின் வீட்டுக்குப் போனாள். அமராவதி மண்டபத்தில் கதிரையில் இருந்தார். இளைத்துவிட்டார், பேச்சுக்குப் பேச்சு கையால் நெஞ்சைத் தாங்கினார்.

"அவங்கள வான்னு எழுதுனா பாவம்ங்கம்மா. வராதன்னு எழுதுனா, எம் புள்ள..." என்றாள் மீனம்மா.

"ஓம், பிள்ளை," என்றார் அமராவதி.

"என்னாத்த எழுதுறது?"

அமராவதி கடலைப் பார்த்தார். "இஞ்ச நடக்கிற உண்மையை அப்பிடியே எழுது. ஒண்டையும் ஒளிக்காத." மூச்சு வரும் வரைக்கும் காத்திருந்தார். "எழுதினாலும் வருவினம்."

மறுநாள் காலை மீனம்மா எழுத இருந்தாள். வீரையா குருத்தடியில் கிடந்தான், சிவலட்சுமி சுவரோடு சாய்ந்திருந்தாள், ட்ரங்குப் பெட்டிதான் மேசை. திகதி, இடம், நலம் விசாரிப்பு எல்லாம் முறைப்படி எழுதினாள். பிறகு ஏழு குழாயையும் தன் தலையாட்டலையும் எழுதினாள். பொன்னையாவை எழுதினாள். முறிந்த மூச்சு வாதை எழுதினாள். காலையில் மூச்சு எப்படிப் போகும் என்பதற்கு அவளுக்கு வேறு உவமை தேட வேண்டியிருக்கவில்லை. 'கூடை நெறஞ்சு, மழையில நனஞ்சு, மேல் மலைக்கு ஏறுறப்ப நெஞ்ச அடைக்குமே அக்கா, அதுதான். நமக்குப் புதுசு இல்ல. ஒம்போது பேருன்னா ஆளுக்கு நாப்பது நிமிசந்தான் வரும். கடைசிப் புள்ளைய மட்டும் குசினிக்குள்ள படுக்கப் போடாத. வெளக்குக்கு எண்ணெ கொண்டாற வேணாம், இங்க வீட்டுக்குள்ளயே வருது. இந்த ஊருல யாரும் நம்மள எந்திரிச்சுப் போன்னு சொல்ல மாட்டாங்க. போறேன்னு சொன்னாலும் விட மாட்டாங்க. யோசிச்சு வாங்க.' கடைசி வரியில் 'யோசிச்சு' என்ற சொல்லை ஒருமுறை வெட்டி, மறுபடி மேலே எழுதினாள். வவுனியாவிலிருந்து எந்த பஸ், எந்த இடத்தில் இறங்க வேண்டும், கையில் எவ்வளவு தண்ணீர் கொண்டு வர வேண்டும் என்பதையும் எழுதினாள்.

உறையை ஒட்டப் பசை இல்லை. பொன்னையா ஒரு காலத்தில் குழாயின் தொண்டையிலிருந்து சுரண்டிக் கொடுத்த மெழுகு ஒரு துண்டு மாடத்தில் இருந்தது. அதை விளக்கில் உருக்கி, உறையின் வாயில் சொட்டவிட்டு, பெருவிரலால் அழுத்தினாள். விளக்கை ஊதி அணைக்க அவளிடம் மூச்சு இல்லை. அதைக் கீழே, குருத்தின் பக்கம் பிடித்தாள். குருத்து சுடரை இழுத்துக்கொண்டது. மதியம் திரும்பியதும் ஆதம்பாவாவின் லொறி வந்தது. அவர் வழக்கம் போல இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கிக் கையை நீட்டினார். மீனம்மா போத்தல்களை ஏற்றிவிட்டு, கடைசியாகக் கடிதத்தைக் கொடுத்தாள். முல்லைத்தீவுத் தபால் கந்தோரில் நாலரை மணிக் கட்டோடு அது போய்விடும் என்றார் அவர். லொறி போன பிறகு வீரையா மெல்ல எழுந்து, மண்வெட்டியை எடுத்து, குசினிக்குக் கிழக்குப் பக்கத்து மணலை ஆறு பாய் அகலத்துக்கு மட்டம் செய்யத் தொடங்கினான்.